கடைசிப் பத்து நிமிஷம்

ஆதிகேசவன் ஒரு படத்தின் முடிவைத் தன் கண்ணால் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இருந்தும், ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் எந்தப் படம் தேறும், எது தேறாது என்று தீர்ப்புச் சொல்கிறவர் அவர்தான். பஸ்ஸில் அவருக்குப் பெயரே சென்சார் அண்ணா.

இதில் பித்தலாட்டம் எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. முதல் ஷிஃப்டுக்குப் போகிற மனுஷன் மூன்றே முக்காலுக்கு எழுந்து, நாலே முக்காலுக்கு பஸ் ஏறி, மத்தியானம் இரண்டரை வரைக்கும் பெட்டி பெட்டியாக லாரியில் ஏற்றிவிட்டு வீடு திரும்பினால் உடம்பில் என்ன மிச்சம் இருக்கும்? சாயங்காலம் ஏழு மணிக்குப் பாயை விரித்து டிவி முன்னால் சாய்வார். மகள் துர்காவின் வீட்டுக்காரர் தன்னுடைய பாஸ்வேர்டைக் கொடுத்து வைத்திருந்ததால் உலகத்துப் படமெல்லாம் அந்த டிவியில் வரும். வந்து என்ன பிரயோசனம்? படத்தில் முதல் பிணம் விழுவதற்குள் இவர் விழுந்துவிடுவார்.

மிச்சத்தைப் பார்ப்பது மனைவி லோகாம்பாள். அவள் சின்ன காஞ்சிபுரத்து நெசவாளிகளுக்குத் தார் சுற்றித் தருகிறவள். சேலையின் குறுக்கே ஓடுகிற பட்டு நூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் சீராகச் சுற்றிக் கொடுக்க வேண்டும். மோட்டார் வைத்த சிறிய மெஷின் ஒன்று கூடத்திலேயே இருந்தது. ஏழு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பது வரைக்கும் அது ஓடும், படமும் ஓடும். விடியற்காலையில் டப்பாவில் சோற்றை அடைத்துக்கொண்டே அவள் முடிவைச் சொல்வாள்.

"இன்னா ஆச்சு?" என்பார், ஷூவில் காலை நுழைத்தபடி.

"அந்த வக்கீல்தான் பண்ணிக்கீறான். போலீஸ் புடிச்சிட்டாங்க."

"நென்ச்சேன். அப்புறம்? அந்தப் பொண்ணு?"

"அது அவங்க அம்மா ஊட்டுக்கே போயிடுச்சு. அழுதுக்கினு."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் இது அவருடைய சொந்த அபிப்பிராயமாகிவிடும். 'ஃபர்ஸ்ட் ஆஃப் அருமை, செகண்ட் ஆஃப் கொஞ்சம் இழுவை' என்பது எல்லாப் படத்துக்கும் அவர் வைத்திருந்த பொதுத் தீர்ப்பு. தூங்குகிறவனுக்கு எந்த இரண்டாம் பாதிதான் இழுவையாக இருக்காது? ஆனால் யாரும் மறுத்ததில்லை. பத்தொன்பது வருஷமாக லோடிங்கில் நிற்கிறார். நேற்று வந்த சூப்பர்வைசர் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டான், "யோவ், அந்தாண்ட தள்ளு" என்பான். அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் மட்டும்தான் நாற்பது பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் இது இல்லாவிட்டால் மூன்றே முக்காலுக்கு எழுந்திருக்கக் கால் வந்திருக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பேச்சை ஆரம்பித்தவன் முருகேசன். பெயிண்ட் ஷாப்காரன், பஸ் புறப்படும் முசரவாக்கத்திலேயே ஏறி, ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொள்கிறவன்.

"இப்ப வர்ற த்ரில்லர் எதுனா எடுத்துக்கபா. இன்ஸ்பெக்டர் தாடி வச்சிக்கினு இருப்பான். பொண்டாட்டி செத்துப் போயிருப்பா. ஊட்ல ஒரு லைட் எரியாது. அவ்ளோ பெரிய ஆபீசரு, கரண்டு பில்லு கட்ட மாட்டானா?"

"பழைய படம் மட்டும் இன்னாவாம்?" என்றாள் பின்சீட்டிலிருந்து பிரியதர்ஷினி. திருப்பருத்திக்குன்றத்துப் பெண், குவாலிட்டி செக்‌ஷனில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. "நெஞ்சுல குண்டு பாஞ்சப்புறம் கால் மணி நேரம் பேசுவாங்க. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண ஒருத்தருக்கும் தோணாது."

"பேசட்டுமேம்மா," என்றார் ஆதிகேசவன். "பேசுனாதான் மனசுல நிக்கும். எங்க ஊட்ல கூட அதான் சொல்லுது. பழைய படம்னா எல்லாத்தையும் வாயத் தொறந்து சொல்லிடுவாங்க, இப்ப ஒண்ணுமே சொல்றதில்லன்னு."

முருகேசன் சிரித்துவிட்டு, புதிதாக வந்திருக்கும் படம் ஒன்றை இழுத்தான். ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் கிளார்க் ஒருவன் காணாமல் போகிறான். மனைவி கைக்குழந்தையோடு ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தேடி அலைகிறாள். பார்க்கலாமா, வேண்டாமா? சென்சார் அண்ணாதான் சொல்ல வேண்டும்.

"நேத்துதான் பாத்தேன். ஃபர்ஸ்ட் ஆஃப் அருமை," என்று ஆரம்பித்த ஆதிகேசவன் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். "முடிவுல அந்தப் பொண்ணு மழையில, கைக்கொழந்தையோட ரயிலேறிப் போகுது பாரு. புருஷன் செத்துட்டான், போக்கிடம் இல்ல. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுபா."

கண் கலங்கியது லோகாம்பாள் சொன்னதில் இல்லை. அது அவராகச் சேர்த்த மசாலா.

பிரியதர்ஷினி சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "அண்ணா, எந்தப் படம் சொல்றீங்க?"

"அதாம்மா. கிளார்க்கு படம்."

"அவதாண்ணா அவன கொன்னதே!"

அவளே விளக்கினாள். கடைசிப் பத்து நிமிஷத்தில் ஒரு டயலாக் கிடையாது. கொட்டுகிற மழையில் அவள் புருஷனின் உடம்பைத் தண்டவாளத்தில் கிடத்துகிறாள். ரயில் வருகிறது. அதைப் பார்த்தபடி குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிறாள். படம் முடிகிறது. "மெயின் ட்விஸ்ட்டே அதாண்ணா! நீங்க அவளப் பாத்து அழுதீங்களா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. ஆதிகேசவனும் சிரித்து வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முருகேசனுக்கு வேண்டாத ஞாபகசக்தி. "இருபா, அந்த அண்ணன் தம்பி படம்? தம்பி துபாய் போயிட்டான்னு சொன்னாரே?" என்றான். தம்பி துபாய்க்கெல்லாம் போகவில்லை, அண்ணன் கையாலேயே செத்துப் போகிறான், மேலே ஒரு விமானம் பறக்கிறது, அவ்வளவுதான் என்று யாரோ சொன்னார்கள். பிரியதர்ஷினி போனில் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தாள். ஐந்து படத்தில் நாலு தப்பு. சரியாக இருந்த ஒன்று வக்கீல் படம். அதில் கொலைகாரன் கோர்ட்டில் நின்று எல்லாவற்றையும் தானே சொல்லிவிடுகிறான்.

"விடுங்கண்ணா, டயர்டுல தூங்கியிருப்பீங்க," என்றாள் கடைசியில், பாவம் பார்த்து. சிரித்ததைவிட அதுதான் அவருக்கு அதிகமாகக் குத்தியது.

அன்றைக்குப் பெட்டிகள் கூடுதல் கனமாக இருந்தன. திரும்புகிற பஸ்ஸில் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஏறும்போது, "வாங்க ரயில் அண்ணா" என்றான் முருகேசன். ஆதிகேசவன் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். எங்கே போனாலும் தூக்கம் வருகிற மனுஷனுக்கு அன்றைக்கென்று வரவில்லை.

பதினோரு வருஷம். எத்தனை படம் இருக்கும்! அத்தனைக்கும் அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள், இவர் அதைப் போய் நாற்பது பேர் நடுவில் பரிமாறியிருக்கிறார். வெளியாள் ஏமாற்றினால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறலாம். கட்டினவள் ஏமாற்றினால் யாரிடம் போய்ச் சொல்வது? அவருக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே கேட்டிருப்பார். ஆனால் கேட்டால் அழுதோ மழுப்பியோ தப்பித்துவிடுவாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். போலீஸ் படம் பார்த்துப் பார்த்து வந்த புத்தி அது.

அன்று சாயங்காலம் அடுத்தடுத்து இரண்டு டம்ளர் காபி குடித்தார். லோகாம்பாள் ஒரு மாதிரி பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. ஏழு மணிக்கு வழக்கம்போல் பாயில் சாய்ந்தார். கொலை, கொள்ளை இல்லாத ஒரு குடும்பப் படத்தைப் போட்டார். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், கோபித்துக்கொண்டு போன மகனைப் பல வருஷம் கழித்துத் தேடிப் போகிறார். இருபது நிமிஷத்தில் கண் சொக்கியது. தொடையைக் கிள்ளிக்கொண்டார். ஏழரைக்கு வேண்டுமென்றே ஒரு குறட்டை விட்டார். டிவி சத்தத்தை அவள் இரண்டு புள்ளி கூட்டி வைப்பது கேட்டது. பிறகு மெதுவாக ஒருக்களித்துப் படுத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, டிவியை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார்.

அவள் முதுகு தெரிந்தது.

டிவியை மாட்டியவர் அவர்தான். பாயில் படுத்தால் நேராகத் தெரிகிற சுவராகப் பார்த்து மாட்டினார். மெஷின் அதற்கு எதிர்ச் சுவரோரம், டியூப்லைட்டுக்குக் கீழே இருந்தது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால்தான் நூலில் வெளிச்சம் விழும். பட்டு நூல் தலைமுடியைவிட மெல்லிசு. அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் குச்சியே பாழ், நாளைக்கு நெசவாளி வந்து வாசலில் நின்று கத்துவான். அவள் கண் நூலைவிட்டு அசையவில்லை. தபால்காரர் பேசினார், மருமகள் பேசினாள், யாரோ பாடினார்கள். பேச்சு நிற்கும்போதெல்லாம் லோகாம்பாளின் தலை லேசாகச் சாய்ந்து காது கொடுத்தது. இரண்டு மணி நேரத்தில் ஒருமுறைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ரயில் சத்தம் கேட்டிருக்கிறது, ரயிலேறிப் போனாள் என்றிருக்கிறாள். விமானச் சத்தம் கேட்டிருக்கிறது, துபாய் போனான் என்றிருக்கிறாள். ஆதிகேசவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் குறைந்திருக்க வேண்டும், பாதிதான் குறைந்தது. மிச்சத்தை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்வதற்கு என்ன? வாயில் என்ன கொழுக்கட்டையா?

பதினோரு வருஷத்துக்குப் பிறகு ஒரு படத்தின் முடிவையும் பார்த்தார். தபால்காரர் மகன் வீட்டு கேட்டைத் திறக்கிறார். ஜன்னல் வழியாக, உள்ளே எல்லோரும் தட்டு வைத்துச் சாப்பிட உட்காருவது தெரிகிறது. கொஞ்ச நேரம் பார்க்கிறார். கொண்டுவந்த பையை வாசலில் வைத்துவிட்டு வந்த வழியே போய்விடுகிறார். ஒரு வார்த்தை இல்லை. ஆதிகேசவனுக்கு இவ்வளவு வருஷமும் இதைத் தூங்கித் தொலைத்தோமே என்று தோன்றியது.

லோகாம்பாள் மெஷினை நிறுத்தினாள். இடுப்பில் கை வைத்து மெல்ல நிமிர்ந்தாள். டிவியை அணைத்து, அவர் மேல் போர்வையை இழுத்துவிட்டு, உள்ளே போனாள்.

விடியற்காலையில் புளிசாதத்தை டப்பாவில் அழுத்திக்கொண்டிருந்தவளிடம் அவர் வழக்கமான குரலில் கேட்டார்.

"இன்னா ஆச்சு?"

"கெழவரா? போய்ச் சேந்துட்டாரு. கேட்டத் தொறந்துக்கினு உள்ள போனாரு. எல்லாரும் சாப்புட உக்காந்துக்கினு இருந்தாங்க. அவருக்கும் ஒரு தட்டு வச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, சாப்ட்டாரு. நல்லாத்தான் முடிச்சிருக்கான்."

ஆதிகேசவன் ஷூ கயிற்றைக் கட்டாமல் அப்படியே விட்டார். "நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன், லோகு."

கரண்டி நின்றது.

"அந்த ஆளு உள்ளயே போகல. பைய வச்சிட்டுத் திரும்பிப் போயிட்டான். நீ பாக்கவே இல்ல. இத்தன வருஷமா நீ ஒண்ணுகூடப் பாக்கல. பஸ்ல இன்னா மானம் போச்சு தெரியுமா? ரயில் அண்ணான்றானுங்க. பொண்ணு வயசுப் புள்ள என்னப் பாத்து பாவம்ன்றா."

அவள் டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காராமல் மறுபடி திறந்து மூடினாள். அழவில்லை, மழுப்பவுமில்லை.

"அந்த ஆளு உள்ள போகலியா?" என்றாள்.

"அத உடு. தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதான? எதுக்குப் பொய்யி?"

"சொன்னேனே."

"எப்போ?"

"மொதமொத. நீங்க இந்த ஷிஃப்டுக்கு மாறுன புதுசுல. இன்னா ஆச்சுன்னு கேட்டீங்க. தெரியலங்க, நூலு அறுந்துக்கினே இருந்துச்சு, கவனிக்கலன்னேன். சரின்னு டப்பாவ எடுத்துக்கினு போய்ட்டீங்க. மறுநாளும் கேட்டீங்க, தெரியலன்னேன், போய்ட்டீங்க. அப்புறம் கேக்கறதையே உட்டுட்டீங்க. பத்து நாளு இந்த ஊட்ல ஒரு பேச்சு இல்ல. சாயங்காலம் வருவீங்க, சாப்டுவீங்க, படுப்பீங்க. துர்காவும் ஹாஸ்டலுக்குப் போயிட்டா அப்போ."

அவருக்கு அந்தப் பத்து நாள் ஞாபகமே இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்கிற அளவுக்கு அதில் என்ன இருந்தது?

"ஒரு நாளு நீங்க ஷூ மாட்டிக்கினு இருந்தப்போ, நானா ஒண்ணு சொன்னேன். அந்த அக்காக்காரிதான் வெஷம் வச்சான்னு. வாய்க்கு வந்ததுதான். நீங்க அப்டியே நின்னுட்டீங்க. அப்புறம்னு கேட்டீங்க." அவள் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். "கல்யாணம் ஆயி அதுவரைக்கும் நான் பேசி, நீங்க அப்புறம்னு கேட்டதில்லங்க. ஒரு நாளும் கேட்டதில்ல. உடம்பு நோவுதுன்னா மாத்திர போட்டுக்கன்வீங்க. எங்கம்மாவப் பத்திச் சொன்னா ம்ன்வீங்க. படத்துக்கு மட்டும்தான் அப்புறம். நான் இன்னா பண்றது? தெனம் ஒண்ணு சொன்னேன்."

ஆதிகேசவனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பிடித்துவைத்திருந்த மிச்சக் கோபம் எந்த நிமிஷத்தில் கையைவிட்டுப் போனது என்றும் தெரியவில்லை. அவமானமாக இருந்தது, பஸ்ஸில் பட்டதைப்போல் பத்து மடங்கு. அங்கே சிரித்தவர்கள் நாற்பது பேர். இங்கே சிரிக்க ஒருத்தி இருந்தாள், அவளும் சிரிக்கவில்லை.

"நேரமாச்சு, போங்க," என்று பையை நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு நின்றார். ஏதாவது கேட்க வேண்டும், இவளைப் பற்றி, ஏதாவது ஒன்று. யோசித்துப் பார்த்தார். நாற்பது பேருக்கு ஒரு மணி நேரம் நிற்காமல் பேசுகிற மனுஷனுக்குச் சொந்த மனைவியைக் கேட்க ஒரு கேள்வி அகப்படவில்லை. இருபத்தைந்து வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் கேள்வியெல்லாம் தீர்ந்துபோகும் என்று நினைத்திருந்தார். ஆரம்பிக்கவே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது.

"நான் போனப்புறம்," என்றார். "நான் போனப்புறம் நீ இன்னா பண்ணுவ?"

லோகாம்பாள் அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டலா, சண்டைக்கு அடி போடுகிறாரா என்று பார்த்தது போலிருந்தது.

"இன்னா பண்ணுவேன். செத்த நேரம் படுப்பேன். தூக்கம் வராது. தண்ணி புடிப்பேன்."

"ம்..." என்றவர், அந்த 'ம்' தன் காதிலேயே விழுந்து, அவசரமாக, "சொல்லு," என்றார்.

"வெளிச்சம் வந்ததும் மொட்ட மாடிக்குப் போவேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு வருவேன்."

"மாடிக்கா? எதுக்கு?"

"சும்மாதான். நாளெல்லாம் கிட்டத்துலயே பாத்துக்கினு இருக்கேனா, கண்ணு பூத்துப் போயிடுது. தூரமா எதுனா பாக்கலாம்னு போவேன்."

இரண்டாவது ஹாரன் நீளமாக அடித்தது. பத்தொன்பது வருஷத்தில் அவருக்காக பஸ் இரண்டாவது ஹாரன் அடித்ததில்லை. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. முருகேசன்.

"ரயில் அண்ணா, எங்க இருக்கீங்க? டிரைவர் கத்துறாரு."

"நீங்க கெளம்புங்கபா. நான் இன்னைக்கு லீவு போட்டுக்கறேன்."

"இன்னாணா, உடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கேன். பேசிக்கினு இருக்கேன்."

"இந்நேரத்துக்கா? யார்கூட?"

"லோகாம்பாள்கூட," என்றார் ஆதிகேசவன்.

அது யார் என்று முருகேசனுக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவர் பஸ்ஸில் சொன்னதே இல்லை. "சரிணா," என்று வைத்துவிட்டான். பஸ் கிளம்பிப் போகும் சத்தம் தேய்ந்தது. பிறகு அவர் ஷூவைக் கழற்றிவிட்டுச் சமையற்கட்டு வாசலிலேயே தரையில் உட்கார்ந்தார்.

"மாடியிலேர்ந்து இன்னா தெரியும்?" என்று கேட்டார்.